பேட்டியில் இறந்தவர்

வாக்காளர் பட்டியலிலிருந்து ஒருவரை ‘இறந்தவர்’ என்று நீக்க வேண்டுமானால் அதற்கு இறப்புச் சான்றிதழின் நகல் வேண்டும். நகல் கிடைக்காவிட்டால், அந்த வாக்குச்சாவடிக்குப் பொறுப்பான அலுவலர் வீட்டுக்கு நேரில் போய், குடும்பத்தில் ஒருவரிடம் கேட்டு, எழுதி, கையெழுத்து வாங்க வேண்டும். வீடு பூட்டியிருந்தால் இன்னொரு நாள் போக வேண்டும். இதற்கு விதிவிலக்கு கிடையாது. செத்தவரின் கணவர் சினிமா நடிகராக இருந்தாலும் கிடையாது. அந்தக் கணவர் கேமரா முன்னால் தேம்பித் தேம்பி அழுதிருந்தாலும் கிடையாது.

வருவாய்த் துறையில் சேர்ந்து, தல்லாகுளத்து அலுவலகங்களில் தலை நரைத்து, ஓய்வு பெற்றவன் நான். தேர்தல் வேலை எங்கள் துறைக்காரர்களுக்கு மாமியார் வீட்டு விசேஷம் மாதிரி. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் போய் நிற்க வேண்டும். ஆகவே இந்த விதியை என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாரும் எழுப்பிக் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

அவனியாபுரத்தில் என் வீட்டுக்கு எதிர்வீடு அந்த நடிகருடையது. ‘நடிகர் வீடு’ என்றுதான் ஷேர் ஆட்டோக்காரர்கள் சொல்கிறார்கள். பத்திரம் அவர் மனைவி பெயரில் இருக்கிறது. அந்த அம்மாள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவர். ஒரு நாளும் பாடம் நடத்தியதில்லை என்றாலும் தெருவில் எல்லோருக்கும் அவர் சத்துணவு டீச்சர். பிள்ளைகளுக்குச் சோறு போட்ட சம்பளத்தில் கடன் வாங்கி, அந்த வீட்டைக் கட்டி, அதற்குள் கணவரையும் உட்கார வைத்துச் சோறு போட்டார். கணவர் திருவிழா நாடகங்களில் மந்திரி வேஷம் கட்டிக்கொண்டிருந்தார். பங்குனியிலிருந்து வைகாசி வரை ராஜாவுக்கு ஆலோசனை சொல்வார். மற்ற மாதங்களில் டீக்கடையில் நாட்டுக்கு ஆலோசனை சொல்வார். முப்பத்தைந்து வயதிலேயே வெள்ளைத் தாடி ஒட்டிக்கொண்டு கிழவராக நடித்தவர். தாடி தானாக வெளுத்த காலத்தில் நாடகத்துக்குக் கூப்பிட ஆள் இல்லை.

எழுபதை நெருங்கும்போது சினிமா அவரைத் தேடி வந்தது. டி. கல்லுப்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் படம் எடுக்க வந்தவர்களுக்கு ஒரு நல்ல கிழவர் முகம் வேண்டியிருந்தது. கதைப்படி அவர் வாழ்நாளில் பொய்யே சொல்லாதவர். ஊரில் எந்த வழக்கானாலும் அவர் கண்ணை மூடி, ஒரு மூச்சு இழுத்து, மெதுவாகத் திறந்து நடந்ததைச் சொல்வார்; ஊர் கட்டுப்படும். இடைவேளைக்குச் சற்று முன்னால் செத்துப் போவார். அந்தச் சாவுக்கு நாடே அழுதது. நானும் தியேட்டருக்குப் போய்ப் பார்த்தேன். நன்றாகவே நடித்திருந்தார். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையில் நானும் பொய் சொன்னவனாகிவிடுவேன்.

அதன் பிறகு எங்கள் ஜனங்களின் மூளை எப்படி வேலை செய்தது என்பதைப் பதிவு செய்ய வேண்டும். அவர் ‘பொய் சொல்லாத தாத்தா’ ஆனார். கலப்படமில்லாத நல்லெண்ணெய்க்கு விளம்பரம் செய்தார், எண்ணெய் விற்றது. ஒரு கிராமத்தில் வரப்புத் தகராறு. இரு தரப்பும் கார் வைத்து இவரை அழைத்துப் போனார்கள். இவர் கண்ணை மூடி, மூச்சு இழுத்து, திறந்து, வேப்பமரத்துக்கு மேற்கே ஒருவனுக்கு, கிழக்கே ஒருவனுக்கு என்று சொல்லிவிட்டு வந்தார். இரு தரப்பும் காலில் விழுந்தார்கள். அந்த நிலத்தின் அளவைப் படம் தாலுகா அலுவலகத்தில் இருக்கிறது. கேட்டால் தருவார்கள். கேட்க யாருக்கும் தோன்றவில்லை. வேப்பமரம் இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஓடைப் புறம்போக்கில் நிற்கிறது என்று பிறகு தெரிந்தது.

இந்த நேரத்தில்தான் அந்தப் பேட்டி வந்தது.

முதலில் பார்த்தது என் மனைவி. செல்போனைப் பார்த்தபடி சமையலறையில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டேன்.

“எதுத்த வீட்டு டீச்சர் செத்துட்டாகளாம்” என்றார்.

“டீச்சரா? இப்பத்தானே மாடியில வத்தல் காயப் போட்டுக்கிட்டு நிக்கிறாங்க.”

“தெரியும். நாந்தான் வத்தலுக்கு உப்புக் கொடுத்து விட்டேன். ஆனாலும் அவரு சொல்றதக் கேட்டா அழுக வருதுங்க.”

நானும் பார்த்தேன். அவர் சொன்ன கதை இது: படத்தில் அவர் பாடையில் பிணமாகக் கிடந்த காட்சியைப் படம் பிடித்துக்கொண்டிருந்த நேரம், வீட்டில் மனைவி நிஜமாகவே செத்துக் கிடக்கிறார், செய்தி வருகிறது, இயக்குநரிடம் சொன்னால் படப்பிடிப்பு நின்றுவிடும் என்று இவர் பேசாமல் பாடையிலேயே படுத்திருக்கிறார். மூடிய கண்ணிலிருந்து ஒரு சொட்டு நீர் வடிகிறது. அதைப் பார்த்து, “பிணம் அழக் கூடாது” என்று இயக்குநர் திட்டுகிறார். “எங்கூடப் பட்டினி கெடந்தவ. என்னையத் திரையில பாக்கத்தான் அவளுக்குக் குடுத்து வைக்கல” என்று முடித்தார். பேட்டி எடுத்த இளைஞர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

கதை புதியதல்ல. வீட்டில் பிணத்தைப் போட்டுவிட்டு மேடையில் நின்ற கலைஞன் கதை ஊர்ப் பொதுப் புறம்போக்கு. எந்தக் கலைஞனும் தன் பெயருக்கு அதில் ஒரு பட்டா போட்டுக்கொள்ளலாம். ஆனால் இவர் பாடையை உள்ளே கொண்டு வந்தார் பாருங்கள், அது சொந்தச் சரக்கு.

அந்த வாரக் கடைசியில் துட்டி கேட்க ஆள் வந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு சாவுக்குப் போகாமல் விடுவதைவிடப் பெரிய குற்றம், சாவைச் சொல்லி அனுப்பாமல் விடுவது. டீச்சரின் தூரத்து உறவுக்காரப் பெண்கள் ஒரு வேன் நிறைய, சொல்லி அனுப்பாத கோபமும் துக்கமும் சம பங்காக, பிறந்த வீட்டு முறைக்கு அரிசி பருப்புக் காய்கறியோடு வந்து இறங்கினார்கள். இறங்கும்போதே தலையை அவிழ்த்துவிட்டு அழுதுகொண்டு வந்தார்கள். கேட்டைத் திறந்தது டீச்சர்.

முன்னால் வந்த கிழவி அப்படியே நின்றார். “ஆத்தி! ஏ மதினி, நீ இருக்கியா?”

“இருக்கேன். உள்ள வாங்க.”

“துட்டி வீட்டுல வாங்கன்னு சொல்லக் கூடாதுடி!”

“துட்டிக்காரியே நாந்தானடி. நான் சொல்லாம வேற யாரு சொல்றது?”

பின்னால் வந்தவர்களுக்கு முன்னால் நடந்தது தெரியாததால் அவர்கள் அழுதுகொண்டே வந்து டீச்சரைக் கட்டிப்பிடித்து, டீச்சருக்காக டீச்சரிடமே ஒப்பாரி வைத்தார்கள். விஷயம் விளங்க நேரமானது. பிறகு எல்லோரும் உள்ளே போய்க் காபி குடித்தார்கள். கொண்டுவந்த காய்கறியிலேயே சமையல் நடந்தது. புறப்படும்போதுதான் சிக்கல். துட்டிக்குப் போன வீட்டில் ‘வாரேன்’ என்று சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டு இறங்கி வேனில் ஏறினார்கள்.

டீச்சர் கேட்டில் நின்று கத்தினார். “வாரேன்னு சொல்லிட்டுப் போங்கடி! குத்துக்கல்லாட்டம் உசிரோடதான நிக்கிறேன்!”

“வாய் வரலடி மதினி” என்றார் கிழவி வேனுக்குள்ளிருந்து. “அழுதுட்டு வந்துட்டோம்ல. அழுத வாய் அழுத வாய்தான்.”

வேன் போன பிறகு டீச்சர் சிரிக்கவில்லை. தெருவில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள்தான்.

அடுத்த விமானத்தில் நடிகர் வந்தார். இப்போதெல்லாம் அவர் விமானத்தில்தான் போய் வருகிறார். விமான நிலையம் எங்களுக்குப் பக்கம் என்பதால், அவர் வருவது முதலில் எங்கள் மொட்டை மாடிக்குத்தான் தெரியும். சாயங்காலம் என் வீட்டு வராந்தாவுக்கு வந்து உட்கார்ந்தார். டீச்சர் கதவைத் திறக்கவில்லை என்று புரிந்துகொண்டேன்.

“உசிரோட இருக்கிற பொம்பளையச் செத்ததாச் சொல்றது எந்த ஊர் நியாயம்?” என்று கேட்டேன்.

“அண்ணே, பொய்யின்னா அதுல ஒருத்தன ஏமாத்தணும். நான் யார ஏமாத்துனேன்? அழணும்னு வந்தாக. அழ வச்சு அனுப்புனேன். மேடையில செத்தா கை தட்டுறீக, பேட்டியில செத்தா குத்தமா?”

“மேடையில் நீங்க சாகலாம். அடுத்தவங்களச் சாகடிக்கக் கூடாது.”

தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு சொன்னதை நான் இன்றுவரை மறுக்க முடியாமல் வைத்திருக்கிறேன்.

“மொதப் பேட்டியில உள்ளதச் சொன்னேண்ணே. எம் பொண்டாட்டி சத்துணவுல வேல பாத்து எனக்குக் கஞ்சி ஊத்துனா, நான் ஒண்ணும் கிழிக்கல, அவதான் வீட்டக் கட்டுனான்னு சொன்னேன். அத அவுக போடவே இல்ல. வெட்டித் தூக்கிட்டாக. ‘தாத்தா, சோகமா ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்க’ன்னு கேட்டாக. உசிரோட இருக்கிற பொண்டாட்டிய எவன் பாக்குறான்? செத்தவள அம்புட்டுப் பேரும் பாத்தான்.”

இருக்கலாம். உண்மைக்குச் சந்தை இல்லை என்பது நானும் அறிந்ததுதான். அலுவலகத்தில் மேலதிகாரி வீட்டில் தூங்கினால் ‘முகாமில் இருக்கிறார்’ என்று எழுதுவோம். காணாமல் போன கோப்பு ‘பரிசீலனையில் உள்ளது’. ஆனால் அந்தப் பொய்களை நம்புகிறவன் ஒருவனும் இல்லை. எழுதுகிறவனும் படிக்கிறவனும் சேர்ந்து கட்டிக்கொள்கிற வேஷம் அது. இவருடைய பொய்யை ஊர் நம்பியது. காரணம், படத்தில் இவர் பொய் சொல்லாதவர். இந்தத் தர்க்கத்தை நான் பலமுறை திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறேன். எந்தப் பக்கம் போட்டாலும் முட்டாள்தனமாகவே விழுகிறது.

அத்தோடு போயிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

பட்டியல் திருத்தம் வந்தது. டீச்சர் அந்த நாட்களில் டி. கல்லுப்பட்டியில் தங்கை மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தார். நடிகர் எங்கோ ஒரு மலையில் இன்னொரு படத்தில் செத்துக்கொண்டிருந்தார். வீடு பூட்டியிருந்தது. டீச்சர் திரும்பி வந்ததும் பள்ளிக்கூடத்தில் ஒட்டியிருந்த வரைவுப் பட்டியலைப் பார்க்கப் போனார். அது அவருக்கு வழக்கம். அந்தப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். தன் பெயர் அங்கே ஒட்டியிருப்பதைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு திருப்தி. கணவர் பெயர் இருந்தது. அதன் கீழே இருக்க வேண்டிய அவர் பெயர் இல்லை. நீக்கப்பட்டவர்கள் பட்டியலில் இருந்தது. காரணம்: இறந்தவர்.

நேரே என் வீட்டுக்கு வந்தார். “சார், பேட்டியில செத்தா பட்டியல்லயும் செத்துருவாகளா?”

“விதிப்படி இல்லை” என்றேன்.

“விதியக் கேக்கல சார். நெசமாவே எடுத்துட்டாகளே. ஓட்டுப் போட வயசு வந்ததுலருந்து ஒரு தேர்தலையும் விட்டதில்ல நான். இந்த ஊர்ல எம் பேருக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான. மத்ததெல்லாம் நடிகர் சம்சாரம், சத்துணவு டீச்சர்.”

எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த பெண் வேறு பகுதியிலிருந்து புதிதாக வந்த அங்கன்வாடிப் பணியாளர். டீச்சரை அவருக்குத் தெரியாது. அவரைப் பார்க்கப் போனேன். சான்றிதழ் வாங்கினீர்களா, கையெழுத்து வாங்கினீர்களா என்று நான் என் பழைய குரலில் கேட்கவும் அவர் திகைத்துப் போனார்.

“சார், துட்டி வீடு சார். அவரு அழுததப் பாத்துட்டு எங்க வீட்டுல யாருக்கும் சோறு எறங்கல. போனேன். பூட்டியிருந்துச்சு. பாவம், வீட்டுல இருக்க மனசு வராம எங்கயாவது போயிருப்பாருன்னு நெனச்சேன். மறுபடி போயி, ‘தாத்தா, ஆச்சி செத்ததுக்குச் சான்று குடுங்க’ன்னு கேக்க நாக்கு வருமா சார்?”

குறிப்புப் பத்தியில் அவர் எழுதியிருந்ததை என்னிடம் காட்டினார். ‘கணவரே பேட்டியில் தெரிவித்துள்ளார்.’ என் பணிக்காலத்தில் லஞ்சத்தால், சோம்பலால், சாதியால், தண்ணியடித்த மயக்கத்தால் விதி மீறப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். அனுதாபத்தால் மீறப்பட்டதை அன்றுதான் பார்த்தேன். அதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது என்று படுகிறது. லஞ்சம் வாங்கியவனுக்காவது தப்பு செய்தோம் என்று தெரியும்.

அலுவலகத்தில் எளிய வழி ஒன்று சொன்னார்கள். புதிய வாக்காளராக விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள், சேர்த்துவிடுகிறோம். டீச்சர் மறுத்தார். “நான் என்ன பதினெட்டு வயசுப் புள்ளையா? நான் சாகல. சாகாதவ எதுக்குப் புதுசாப் பொறக்கணும்?” எனக்கு அந்த வாதம் பிடித்திருந்தது. நீக்கத்தை ரத்து செய்யக் கோரி மனு எழுதிக் கொடுத்தேன். நீக்கத்துக்கு ஆதாரம் கணவரின் வாய்மொழி என்பதால் கணவரின் எழுத்து மூலமான வாக்குமூலம் இருந்தால் உடனே முடியும் என்றார்கள். ‘என் மனைவி உயிருடன் இருக்கிறார்’ என்று ஒரே வரி. நானே தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன்.

நடிகர் அந்த ஒரு வரியை நெடுநேரம் படித்தார்.

“இது வெளிய போகுமாண்ணே?”

“அரசாங்கக் காகிதம். கேட்கிறவனுக்குக் கொடுப்பார்கள்.”

“அப்ப இன்னொரு படம் வெளிவரட்டுமே. எண்ணெய்க்காரன் ஒப்பந்தமும் அதுவரைக்கும்தான். பொய் சொல்லாத தாத்தா பொய் சொன்னாருன்னு ஒருத்தன் போட்டுட்டான்னா அம்புட்டும் போச்சு. இவளுக்கு ஒரு ஓட்டுதான போகுது? எம் மார்க்கெட்டே போகுமேண்ணே.”

டீச்சர் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்து உள்ளே கொண்டு போனார்.

கையெழுத்து வராததால் நேர் விசாரணைக்கு அழைப்பு வந்தது. தல்லாகுளத்தில், பெயர் சொல்ல வேண்டாத ஓர் அலுவலகம். கணவனும் மனைவியும் நேரில் ஆஜராக வேண்டும். மனு எழுதியவன் என்ற முறையில் நானும் போனேன். விசாரணை அதிகாரி இளம்பெண். சட்டம் தெரிந்தவர் மாதிரிதான் இருந்தார். ஆனால் நடிகர் உள்ளே நுழைந்ததும் அலுவலகமே எழுந்து நின்றது. ஆளாளுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அதிகாரி கடைசியாக எடுத்துக்கொண்டார், பதவிக்குரிய நிதானம். டீச்சருக்கு நாற்காலி போட யாருக்கும் தோன்றவில்லை. இறந்தவருக்கு எதற்கு நாற்காலி?

“தாத்தா, ஒரே ஒரு கேள்விதான்” என்றார் அதிகாரி. “இவங்க உங்க மனைவிதானே?”

நடிகர் டீச்சரைப் பார்த்தார். பிறகு தன்னை நோக்கிப் பிடித்திருந்த செல்போன்களைப் பார்த்தார். கண்ணை மூடினார். மூச்சை இழுத்தார். படத்தில் இதற்குப் பிறகுதான் உண்மை வரும்.

“தாயி, என்னைய மன்னிக்கணும்” என்றார், கண்ணைத் திறந்து. “போன மகராசி போயிட்டா. இவ அவ தங்கச்சி. அக்கா போனதுக்கப்புறம், எனக்கு ஒரு வாய் கஞ்சி ஊத்த வந்தவ. இந்த வயசுல இப்படியான்னு ஊரு பேசுமேன்னு சொல்லாம மறைச்சுட்டேன்.”

அறையில் ‘த்சொ, த்சொ’ என்று சத்தம். ஒரு குமாஸ்தா கண்ணைத் துடைத்தார்.

அதிகாரி ஆதார் அட்டையைப் புரட்டினார். “பேரு ஒண்ணாவே இருக்கே தாத்தா?”

“அக்கா நெனப்புல அவ பேரையே வச்சுக்கிட்டா தாயி. எங்க பக்கத்து வழக்கம்.”

அந்தப் பக்கமெல்லாம் வரி வசூலித்துத் திரிந்தவன் நான். அப்படி ஒரு வழக்கம் எந்தப் பக்கத்திலும் கிடையாது. எழுந்து, இறப்புச் சான்றிதழ் இல்லாமல் எந்த இறப்பும் இந்த அறையில் செல்லாது என்று ஆரம்பித்தேன். டீச்சர் கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். கணவர் பக்கம் திரும்பினார்.

“எங்க அக்காவ எங்க எரிச்சீக?”

“தத்தனேரியில.”

“கொள்ளி யாரு வச்சது?”

“புள்ள குட்டி இல்லாதவளுக்கு வேற யாரு? நாந்தான்.”

“கொள்ளி வச்சவன் மீசை தாடி எடுக்கணும். நீங்க அடுத்த வாரமே தாடியோட படத்துல நின்னீகளே?”

“அது ஒட்டுத் தாடி” என்றார் நடிகர், இமைக்காமல்.

சொல்கிறேன், அந்தக் கணத்தில் அவர் மேல் எனக்கு ஒரு மரியாதைகூட வந்தது. திருட்டில் தேர்ந்தவனின் விரலைப் பார்த்தால் வருமே, அந்த வகை மரியாதை. குறுக்கு விசாரணையில் அவரை யாரும் வெல்ல முடியாது. காலமெல்லாம் அடுத்தவர் எழுதிய வசனத்தைப் பேசியவர், கடைசியில் சொந்தமாக எழுதக் கற்றுக்கொண்டுவிட்டார்.

டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். செல்போன் வைத்திருந்தவர்களும் அதற்குத்தான் காத்திருந்தார்கள். அவர் அதிகாரியின் மேசைக்கு அருகில் போனார்.

“அம்மா, இவரு சொன்னத அப்படியே எழுதிக்கங்க. இவரு பொண்டாட்டி செத்துட்டா. அதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா நான் சாகல. நான் எங்கப்பா மக. இந்தா என் பள்ளிக்கூடச் சான்று, அதுல எங்கப்பா பேரு இருக்கு. இந்தா என் வேலை உத்தரவு. இந்தா வீட்டுப் பத்திரம், எம் பேர்ல இருக்கு. எம் பேரப் பட்டியல்ல திருப்பிப் போடுங்க. பேருக்குப் பக்கத்துல உறவுன்னு ஒரு கட்டம் இருக்கும்ல, அதுல இவரு பேரு வேண்டாம். எங்கப்பா பேரப் போடுங்க.”

நடிகர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். “ஏய், என்ன பேசுற நீ?”

“நீங்க பேசுனதத்தான.”

அதிகாரி என்னைப் பார்த்தார். அறையில் விதி தெரிந்தவர் யார் என்பது அவருக்கும் ஒருவழியாகத் தெரிந்துவிட்டது போலும். கணவர் பெயரோ தந்தை பெயரோ, வாக்காளர் கேட்பதைப் போடலாம். ஆதாரம் இருந்தால் போதும். கணவரின் சம்மதம் தேவையில்லை என்றேன். நடிகரின் வாக்குமூலத்தை ஏற்றால் இவர் அவருடைய மனைவி என்று எழுத இடமில்லை. ஏற்காவிட்டால் நீக்கத்துக்கே இடமில்லை. இரண்டில் எதுவானாலும் இந்த அம்மாளின் பெயர் திரும்பி வர வேண்டும் என்றேன். ஒரு வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்த நடைமுறை அறிவு உருப்படியாகச் செலவானது அன்றைக்கு ஒரு நாள்தான். பரிசீலித்துப் பதில் அனுப்புகிறோம் என்றார் அதிகாரி.

திரும்பும்போது நடிகருக்குக் கார் நின்றது. டீச்சர் என்னோடு பேருந்தில் வந்தார். இறங்கும்போது, “அரிசி ஊறப் போட்டுட்டு வந்தேன் சார், மாவாட்டணும்” என்று மட்டும் சொன்னார்.

ஒரு பேச்சு மட்டும் பாக்கி. அந்த மாதத்திலேயே நடிகர் ஒரு நாள் என் வராந்தாவுக்கு மறுபடி வந்தார். அக்கா தங்கை கதை வெளியே கசிந்து இன்னும் பெரிதாக ஓடிக்கொண்டிருந்தது. ‘அக்காவின் பெயரைச் சுமக்கும் தங்கை’ என்று யாரோ ஒரு காணொளியே போட்டிருந்தார்கள். எண்ணெய்க்காரர்கள் ஒப்பந்தத்தை நீட்டித்திருந்தார்கள். ஆள் மட்டும் சுருங்கியிருந்தார்.

“அண்ணே, அந்தப் பட்டியல் மாறுனா என்ன ஆகும்?”

“ஒன்றும் ஆகாது. உங்கள் பெயர் இருக்கும். பக்கத்தில் உங்கள் அப்பா பெயர் இருக்கும். அதற்குக் கீழே அதே வீட்டு எண்ணில் ஓர் அம்மாள் பெயர் இருக்கும். பக்கத்தில் அவருடைய அப்பா பெயர் இருக்கும்.”

“எனக்கு அவ என்ன வேணும்னு அதுல இருக்காதா?”

“இருக்காது.”

மேலே ஒரு விமானம் சத்தத்தோடு தாழ்ந்து போனது. “அந்த ஒரு வரியத் தாங்கண்ணே. இப்பக் கையெழுத்துப் போட்டுர்றேன். மார்க்கெட் போனாப் போகுது.”

அவர் உண்மையாகத்தான் சொன்னாரா? தெரியாது. கண்ணை மூடவில்லை, மூச்சும் இழுக்கவில்லை. ஒருவேளை அதனாலேயே உண்மையாக இருக்கலாம். அந்தக் காகிதம் டீச்சரிடம் இருக்கிறது, அவரிடம் கேளுங்கள் என்றேன். எதிர்வீட்டுக்குப் போனார். டீச்சர் கிரைண்டரை நிறுத்தாமலே பதில் சொன்னது எனக்கும் கேட்டது.

“செத்தவளுக்கு எதுக்கு இப்பச் சாட்சி? சாப்பிட்டுட்டுக் கெளம்புங்க. பிளைட்டுக்கு நேரமாச்சு.”

அவர் சாப்பிட்டார். கிளம்பினார். அதன் பிறகு சென்னையில் வீடு எடுத்துத் தங்கிவிட்டார். பேட்டிகளில் இப்போது மனைவியைப் பற்றிக் கேட்டால் மேலே கையைக் காட்டுகிறார், பேசுவதில்லை. அதையும் நடிப்பில் முதிர்ச்சி என்று எழுதுகிறார்கள்.

நான் அலுவலகத்துக்கு நினைவூட்டல் மேல் நினைவூட்டல் அனுப்பினேன். ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற பதிலை, அதைக் கண்டுபிடித்த துறையைச் சேர்ந்தவன் என்ற முறையில், உரிய மரியாதையுடன் பெற்றுக்கொண்டேன். டீச்சர் தினமும் தபால்காரர் வரும் நேரத்தில் வாசல் தெளித்தார். ஒரு நாள் வந்த அரசாங்க உறையைப் பிரித்து என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அவர் தமிழ் வாசிக்கத் தெரியாதவரல்ல. இன்னொருவர் வாயால் கேட்க வேண்டும் போலிருந்தது. நீக்கம் ரத்து செய்யப்பட்டது. மனுதாரர் இன்னாருடைய மகள் எனப் பட்டியலில் மீண்டும் சேர்க்கப்பட்டார். அவர் இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பதிலில் இருந்த தேதி, மார்ச் முப்பத்தொன்று. வருடக் கணக்கு முடிகிற நாள்; தேங்கிய கோப்பையெல்லாம் எங்கள் துறை அன்றுதான் தள்ளிவிடும்.